களப்பில் நின்ற எண்ணிக்கை

அந்தச் சின்ன விமானம் எங்கள் கூரைக்கு மேலாகப் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும். ஊருக்கு வடக்கே ஒரு பழைய தென்னந்தோட்டத்தில் மரங்களைத் தறித்து, மண்ணை இறுக்கி, ஓடுபாதை போட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி, கடல்நீர் ஏரிபோல் தேங்கிய எங்கள் களப்பையும் கடலையும் டொல்பின்களையும் மேலிருந்து காட்டுவதுதான் அதன் தொழில். தரையை விட்டு எழும்பினதும் உயரம் பிடிக்க அதற்கு ஊரின் நீளம் முழுவதும் வேண்டியிருந்தது. ஓலையைத் தொடுகிற மாதிரி வந்து, எங்கள் பின்வளவைத் தாண்டித்தான் களப்பின் மேல் ஏறும். எங்கள் ஊரான பள்ளிவாசல்துறையில் அதை ஏசாத வாய் குறைவு. நான் ஏசவில்லை. அந்த நாட்களில் வெளியிலிருந்து என் வீட்டுப் பக்கம் தவறாமல் வந்துபோனது அது ஒன்றுதான்.

நான் கணவரை இழந்து இத்தாவில் இருந்தேன். கணவர் மௌத்தானால் நாங்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்போம். வெள்ளை உடுப்பு, வாசலில் ஒரு திரை, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் ஓர் இருப்பு. மார்க்கம் சொன்னது கொஞ்சம், ஊர் சேர்த்துக்கொண்டது மிச்சம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வளவில் கணவரின் தம்பியும் அவர் மனைவியும் இருந்தார்கள். தம்பி வந்தால் திரைக்கு வெளியே நின்று, "மைனி, ஒண்டும் தேவையா?" என்று கேட்பார். "இல்ல" என்பேன். அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். அவருடைய மனைவி காலையில் கறியும் பாணும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்பில் எதையோ விட்டுவந்த அவசரத்தில் ஓடிவிடுவாள். எதற்கு எடுத்தாலும் ஓடுகிற பெண் அவள். பாசம் இல்லாதவள் என்று சொல்லமாட்டேன், உட்காரத் தெரியாதவள்.

முதல் மாதம் அழுவதற்கு ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் மாதம் அவர்களுக்கு அழுகை முடிந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் தொடங்கியது.

அவர் போன விதத்தையும் சொல்லவேண்டும். ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்கமுடியாது. அது விதி, யாரையும் குறை சொல்வதற்கில்லை. மாலையில் என்னைப் போகச் சொன்னார்கள். "போயிட்டு காலைல கஞ்சி கொண்டுவா" என்று அவரும் சொன்னார். கஞ்சியோடு போனபோது கட்டிலில் வேறு ஓர் ஆள் கிடந்தார். முப்பது வருடம் ஒன்றாக இருந்த மனிதருடைய கையை அந்தக் கடைசி நேரத்தில் பிடிக்க ஆளில்லை. இதை நான் யாரிடமும் சொல்லி ஆறவில்லை. சொன்னால், "அல்லாஹ் நாடினது" என்பார்கள். அது எனக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு சொல்லைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

அவர் தேங்காய் வியாபாரி. எங்கள் முன்வளவில்தான் தேங்காய் குவியும். சிலாபம் பக்கத்திலிருந்து லொறி வரும், வருகிறவர்கள் சிங்கள ஆட்கள். ஒருவர் தேங்காயை ஒவ்வொன்றாக எறிய, மற்றவர் லொறியில் நின்று பிடித்து, "எக்கய், தெக்கய், துனய்" என்று உரத்து எண்ணுவார். நூறு வந்ததும் ஒரு தேங்காயைத் தனியே வைப்பார்கள், கடைசியில் அவற்றை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரியும். நான் குசினி யன்னல் திரைக்குப் பின்னால் நின்று, அவர்களோடு சேர்ந்து மனதுக்குள் எண்ணுவேன். லொறி போனதும் அவர் உள்ளே வந்து, "என்ன, சரியா?" என்பார். "மூண்டாவது நூறுல ரெண்ட விழுங்கிட்டான்" என்பேன். அடுத்த தடவை அவர்களிடம் போய், என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிச் சிரிப்பார். என் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. ஆனால் என் குரலை அந்த லொறிக்காரர்கள் ஒருநாளும் கேட்டதுமில்லை. சிங்களம் எனக்கு நன்றாக விளங்கும், பேச வாய் வராது. வாயில் வருவது எண்கள் மட்டும்தான்.

இத்தாவிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. எண்ண எதுவும் இல்லாததால் விமானத்தை எண்ணினேன். காலையில் ஒன்று போனது, பின்னேரம் ஒன்று வந்தது என்று. ஒரு மனுஷி இப்படியும் ஆகலாம்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு ஊர் ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அந்த ஒரு மணித்தியாலம் எங்கள் ஊரில் ஒரு கடையும் திறந்திருக்காது, தோணிகள் எல்லாம் கரையில் கிடக்கும். ஆண்கள் யாரும் இல்லாததால் எனக்கும் அது நல்ல நேரம். பின்வளவுக்குப் போய்க் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கலாம். தோய்த்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது.

விமானம் வந்தது. வழக்கத்தை விடவும் தாழ்வாக வந்தது. தலைக்கு மேலே வந்தபோது இயந்திரம் இரண்டு தரம் இருமியது, பிறகு நின்றுவிட்டது. சத்தம் நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. காற்றைக் கிழிக்கிற ஓசை மட்டும் கேட்டது. ஓட்டுகிறவனின் வெள்ளைச் சட்டையையும் அவன் பின்னால் காலியாக இருந்த இருக்கைகளையும் கண்டேன், அவ்வளவு கிட்ட. வேலியைத் தாண்டி, கண்டல் மரங்களின் தலையை உரசிக்கொண்டு போய், களப்பில் வயிற்றால் விழுந்து, வழுக்கி, மூக்கைச் சேற்றில் குத்தி நின்றது. ஓர் இறக்கை தண்ணீருக்குள் போயிருந்தது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. பிறகு மீண்டும் குத்பாதான் கேட்டது.

தம்பிக்குப் போன் அடித்தேன். பள்ளிக்குள் போகும்போது எல்லோரும் போனை அணைத்துவிடுவார்கள். வேலிக்கு மேலால் அவர் மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்திருந்தாள், வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பள்ளிக்கு ஓடு புள்ள! ஆம்பிளைகளக் கூப்பிடு!"

"ராத்தா, நீங்க?"

"நீ ஓடு!"

அவள் ஓடினாள். இந்தத் தடவை அவள் ஓடியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை பள்ளி வாசலில் வந்தது. குத்பா நடக்கும்போது பேசினால் ஜும்ஆவின் பலன் போய்விடும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் அவள். ஆண்கள் நிறைந்த பள்ளிக்குள் குரல் கொடுத்தும் பழக்கமில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்து யாராவது திரும்பிப் பார்க்கமாட்டார்களா என்று நின்றிருக்கிறாள். குத்பா முடிந்தது, தொழுகை தொடங்கியது. தொழுகையைக் குழப்பலாமா? தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும் வரைக்கும் நின்றாள். இதை அவள் பிறகு என் மடியில் முகத்தை வைத்து அழுது சொன்னாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய இடத்தில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

நான் நின்றது வேறு இடத்தில். என்னுடைய வேலியில் ஒரு கடப்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் களப்பு. எண்பத்தேழு நாட்களாக அதைத் தாண்டவில்லை. தாண்டலாமா, ஆபத்துக்குப் பாவமில்லையா என்றெல்லாம் யோசித்தேன் என்று எழுதினால் பொய். நான் யோசித்தது ஒன்றுதான். அங்கேயும் ஒருத்தன் தனியாகக் கிடக்கிறான். அதற்குள் கால் தண்ணீரில் இருந்தது.

எங்கள் களப்பு ஆழமில்லை, ஆனால் சேறு இழுக்கும். சிப்பி ஓடுகள் காலைக் கிழித்தன. கிட்டப் போனபோது தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. பெற்றோல் மணத்தது. அவன் இருக்கையோடு கட்டுண்டு கிடந்தான், அவனுக்கு மார்பு வரைக்கும் தண்ணீர். கால்கள் முன்பக்கத் தகட்டுக்குள் இறுகியிருந்தன. நெற்றி உடைந்து இரத்தம் வந்தது. தலை சரிந்து, வாய் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மீண்டது. கதவு அசையவில்லை. யன்னல் உடைந்திருந்தது. அதற்குள்ளால் இரண்டு கைகளையும் விட்டு, தாடையோடு சேர்த்து அவன் நாடியைத் தூக்கிப் பிடித்தேன். முப்பது வயது இருக்கும். "அம்மே" என்றான்.

கட்டை அவிழ்க்க எனக்குத் தெரியாது. ஒரு கையை எடுத்துத் தடவிப் பார்த்தால், மற்றக் கையிலிருந்து அவனுடைய தலை நழுவியது. ஆகவே அவிழ்க்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்குக் கண் மூடிக்கொண்டே போனது. தூங்கினால் கழுத்து விட்டுப்போகும், தலை பாரமாகும், என் கை எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும் என்று தெரியாது. தூங்காதே என்று சிங்களத்தில் சொல்ல வாய் வரவில்லை. தமிழில் சொன்னேன், அவனுக்கு ஏறவில்லை. தேங்காய் எண்ணத் தெரிந்த சிங்களம்தான் கைவசம் இருந்தது.

"எக்கய்" என்றேன்.

ஒரு கண் திறந்தது.

"தெக்கய். துனய். ஹதரய்."

பத்து வரைக்கும் நான்தான் சொன்னேன். பதினொன்றை அவன் சொன்னான். பன்னிரண்டை நான் சொன்னேன், பதின்மூன்றில் அவன் நின்றுவிட்டான். கன்னத்தில் ஒன்று வைத்தேன். சொன்னான். அதற்குப் பிறகு இடையில் நானே சிலவற்றைச் சொல்லவேண்டி வந்ததில் முறை மாறியும் மாறியும் போனது. பெரும்பாலும் எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. லொறியில் எண்ணுகிறவர்களும் களைத்துப்போனால் இப்படித்தான் மாறி மாறிச் சொல்லுவார்கள். நூறு வந்தபோது பழக்கதோஷத்தில் கை தேங்காய் தேடியது. ஒதுக்கி வைக்க ஒன்றுமில்லை. நூறு என்று இரண்டு தரம் சொன்னேன். அவன் அந்த நிலையிலும் உதட்டைக் கோணினான், சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

விமானம் இடையிடையே சேற்றுக்குள் இறங்கியது. மார்பிலிருந்த தண்ணீர் அவன் தோளுக்கு வந்தது. என் கைகள் மரத்துப்போயின. இருநூறுக்குப் பிறகு அவன் அழத் தொடங்கினான், அழுதுகொண்டே எண்ணினான். நானும் அழுதேன். அவனுக்காக மட்டும் அழுதேன் என்று சொல்லமுடியாது. எண்பத்தேழு நாட்களாக என் கை தொட்ட முதல் மனித உடம்பு அது. சூடாக இருந்தது, கைக்குள் துடித்தது. என் கணவருடைய கட்டிலின் பக்கத்தில் நிற்கக் கிடைக்காத நேரத்தை யாரோ களப்பில் கொண்டுவந்து எனக்குத் தந்த மாதிரி இருந்தது.

"துன்சிய தாஹதய்" என்றேன். முந்நூற்றுப் பதினேழு. அடுத்தது அவனுடைய முறை.

அப்போதுதான் கரையில் சத்தம் கேட்டது. தொப்பிகளோடு ஆண்கள் ஓடி வந்தார்கள். தோணி ஒன்றைத் தள்ளினார்கள். முன்னால் வந்த தம்பி என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் திகைப்பு, பிறகு வெட்கம்.

"மைனி, நீங்க போங்க! போங்க மைனி!"

யாரோ ஓர் ஆளின் கை என் கைகளுக்குக் கீழே வந்து அந்த நாடியைத் தாங்கியது. நான் கையை எடுத்தேன். கண்டல் மரங்களுக்குள் புகுந்து, பின்வழியால் வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றடியில் தோய்த்த உடுப்பு அப்படியே கிடந்தது. அதை அலசிப் பிழிந்து காயப்போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் தம்பி திரைக்கு வெளியே வந்து நின்றார். நெடுநேரம் தொண்டையைச் செருமினார்.

"மைனி, ஊர் வாய் பொல்லாதது. இத்தாவுல இரிக்கிற பொம்புள அந்நிய ஆம்பிளையத் தொட்டுப் புடிச்சா எண்டு ஆளுக்கொரு கதை கட்டுவாங்க. மௌத்தான நாநாட பேரும் இரிக்கி. நாங்க தொழுதுட்டு வந்து தூக்கினதாவே இரிக்கட்டும். வந்தவங்களுக்கிட்டயும் சொல்லிட்டன், யாரும் வாய் திறக்கமாட்டாங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார், அதை இன்றைக்கும் சொல்லுவேன். நான் திரைக்குப் பின்னால் தலையை ஆட்டினேன். அது அவருக்குத் தெரியாதே என்று பிறகு நினைவு வந்து, "ஓம்" என்றேன்.

"அந்தப் புள்ள உசிரோட இரிக்கா?" என்று கேட்டேன்.

"புத்தளத்துக்குக் கொண்டுபோனாங்க. அங்கிருந்து கொழும்புக்கு எண்டு கதை. தெரியல்ல மைனி."

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் படம் வந்தது. விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் ஏழு ஆண்கள் நின்றார்கள். தம்பி நடுவில் நின்றார். அவருடைய சாரன் முழங்காலுக்கு மேல் நனையவில்லை. தம்பியின் மனைவி அதைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. பிறகு என் காலில் சிப்பி கிழித்த இடத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகக் கேட்டவர்களுக்குச் சொன்னோம்.

சிரித்தது அன்றோடு சரி. அதற்குப் பிறகு விமானம் வரவில்லை. ஓடுபாதையை மூடிவிட்டார்கள். எண்ணவும் ஒன்றுமில்லை. குசினியில், படுக்கையில், தொழுகைப் பாயில்கூட அந்த எண் வந்து நிற்கும். முந்நூற்றுப் பதினேழு. அடுத்ததைச் சொல்ல வேண்டியவன் இருக்கிறானா, இல்லையா? எனக்குப் பாராட்டு வேண்டியதில்லை. பேப்பரில் படமும் வேண்டியதில்லை. நான் அங்கே நின்றேன் என்று அவன் ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. அதைக்கூட வாய்விட்டுக் கேட்கமுடியாமல் கிடந்தேன்.

இத்தா முடிந்தது. வெள்ளையைக் கழற்றி வைத்தேன். வாசல் திரையைக் கழற்ற மனம் வரவில்லை. ஆட்கள் வந்தால் இன்னும் அதற்குப் பின்னால்தான் நின்றேன். முப்பது வருடமாக நின்ற இடம் அதுதானே.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம், வான் ஒன்று வாசலில் நின்றது. தம்பி அவசரமாக வந்து, "மைனி, அந்த விமானக்காரன் வந்திரிக்கான். உங்கட ஹோல்தான் பெரிசு, இங்கயே இருத்துறன். தேத்தண்ணி ஊத்துங்க" என்றார். உயிரோடு இருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேன் என்று அன்றைக்கு நான் எண்ணவில்லை.

படத்தில் நின்றவர்களில் நான்கு பேர் வந்திருந்தார்கள். அவனோடு சாரதி மட்டும் வந்திருந்தான். விமானக்காரன் ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். எல்லாவற்றையும் திரையின் ஓரத்தால் பார்த்தேன். மெலிந்திருந்தான். நெற்றியில் தழும்பு இருந்தது. எனக்குத் தெரிந்த நாடி.

தேத்தண்ணித் தட்டை உள்ளிருந்து நீட்டினேன், தம்பி வாங்கிக்கொண்டார். பழக்கூடை ஒன்றை வைத்து, அவன் எல்லோருக்கும் நன்றி சொன்னான். தம்பி நல்ல சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். தொழுகை முடிந்து ஓடியது, தோணி தள்ளியது, கதவை உடைத்தது. அவ்வளவும் உண்மைதான். உண்மையின் பின்பாதி.

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதற்கு முன்னால் ஒரு பெண் இருந்தார்" என்றான். "என் முகத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். அவரைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தேன்."

ஒருவர் தேத்தண்ணியை ஊதினார்.

"பெண்ணா?" என்றார் தம்பி. "அப்படி யாரும் இருக்கவில்லை மஹத்தயா. தலையில் அடிபட்டால் என்னென்னவோ தோன்றும்."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். என் பெயரைக் காக்கத்தான் ஆட்டினார்கள். திரைச் சீலையை என் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"டாக்டர்களும் அதைத்தான் சொன்னார்கள்" என்றான் அவன். தன் கைகளைப் பார்த்தான். "அப்படியென்றால் நீங்கள் வரும் வரைக்கும் நான் அங்கே தனியாகத்தான் கிடந்தேனா?"

தம்பி பதில் சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்கு முன்னால் என் குரல் வெளியே போய்விட்டது.

"துன்சிய தாஹதய்."

ஹோலில் கோப்பை ஒன்று தட்டில் இடறியது. "மைனி" என்று தம்பி தாழ்ந்த குரலில் சொன்னார். கதிரை நகர்ந்தது, ஊன்றுகோல் நிலத்தில் விழுந்தது. அவன் எழும்ப முயன்று, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையையே பார்த்தான்.

"துன்சிய தஹஅட்டய்" என்றான்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, முந்நூற்றுப் பத்தொன்பது என்றேன்.